கார்ஃபங்கல் ஒத்து ஊதியவர் அல்ல

நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. மேடையில் இருப்பார், புகைப்படத்திலும் இருப்பார், கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடக்கிறவர்களின் பேச்சில் மட்டும் இருக்கமாட்டார். சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்ற ஃபோக் ராக் இணையைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுவருவதைப் படித்தால், ஆர்ட் கார்ஃபங்கலுக்கு அந்த இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பால் சைமன் எழுதினார், அவரே மெட்டமைத்தார், அவரே கிதார் வாசித்தார். பக்கத்தில் நின்ற சுருட்டைமுடிக்காரர் குரல் கொடுத்தார். 1970இல் பிரிந்த பிறகு ஒருவர் ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பம் வரை போனார், இன்னொருவர் அடுத்தவர் எழுதியதைப் பாடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஆகவே மேதை யார், கூடவந்தவர் யார் என்பதில் பேச்சே இல்லை. இதுதான் தீர்ப்பு.

பாட்டே கேட்காதவர்கள் இதைச் சொன்னால் விட்டுவிடலாம். இசையிலேயே ஊறியவர்கள் சொல்கிறார்கள். புதிதாகக் கேட்க வரும் இளைஞர்கள் காதைத் திறப்பதற்கு முன்பே இந்த முடிவை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்குப் பாட்டில் பாதி கேட்காமலேயே போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சைமன் சென்ற நூற்றாண்டின் மிகப் பெரிய பாடலாசிரியர்களில் ஒருவர். அவரைக் கீழே இறக்கி இவரை மேலே ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை. கார்ஃபங்கல் தேவதைக் குரலோன், சைமன் பொறாமைக்காரர் என்று பேசும் ரசிகர்கள் உண்டு. அந்தப் பேச்சிலும் உண்மை இல்லை. நான் மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பாட்டை எழுதியவர்தான் அந்த இசைத்தட்டைப் படைத்தவர், மற்றவர் அதை ஒப்பித்தவர் என்ற கணக்கை. சைமன் அண்ட் கார்ஃபங்கல் உலகத்துக்குக் கொடுத்தது தாளில் எழுதிய பாட்டு அல்ல, ஒலிப்பதிவு. அந்த ஒலிப்பதிவுக்கு ஆசிரியர்கள் இருவர்.

கதை எங்கே தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். இருவரும் 1941இல் சில வார இடைவெளியில் பிறந்தவர்கள், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சில தெருக்கள் தள்ளி வளர்ந்தவர்கள். 1953இல் பள்ளியில் ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ நாடகம் போட்டபோது சைமன் வெள்ளை முயல், கார்ஃபங்கல் செஷயர் பூனை. ஆனால் அதற்கு முன்பே, பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் கார்ஃபங்கல் பாடியதைக் கேட்டுத்தான் தனக்கும் பாடவேண்டும் என்று தோன்றியதாகச் சைமனே சொல்லியிருக்கிறார். முதலில் வந்தது அந்தக் குரல். பாட்டு எழுதும் சைமன் அதற்குப் பிறகு வந்தவர்.

யூதத் தொழுகைக்கூடத்தில் பாடிப் பழகிய குரல் அது. கார்ஃபங்கலின் அப்பா அந்தக் காலத்துக் கம்பி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பையன் தன் குரலைத் தானே பதிந்து, தானே கேட்டு வளர்ந்தான். மற்றப் பையன்களுக்குக் கிதார் எப்படியோ அப்படி இவனுக்கு ஒலிப்பதிவுக் கருவி. இதை நான் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை. சைமனுக்குக் கை பழகியதுபோல் இவருக்குக் காது பழகியது, அதுவும் சின்ன வயதிலேயே.

பிறகு எவர்லி சகோதரர்கள் என்ற ராக் அண்ட் ரோல் இணையின் பாட்டைக் கேட்டு இருவரும் மூக்கோடு மூக்கு வைத்தாற்போல் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடிப் பழகினார்கள். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ என்ற பெயரில் 1957இல் அவர்கள் வெளியிட்ட ‘ஹே, ஸ்கூல்கேர்ள்’ பில்போர்டு பட்டியலில் 49ஆம் இடம் வரை போனது. அந்தப் பாட்டை எழுதியவர்கள் இருவரும்தான். கார்ஃபங்கல் ஒரு வரிகூட எழுதாதவர் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் சைமன் நண்பனிடம் சொல்லாமல் வேறு பெயரில் தனித்தட்டு போட்டார், நண்பன் அதை மறக்கவேயில்லை. அந்த மனத்தாங்கலை அலசிப் பல பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு அதில் அக்கறை இல்லை.

அக்கறை 1965இல் இருக்கிறது. 1964இல் சொந்தப் பெயர்களில் இருவரும் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.’ விலைபோகவில்லை. சைமன் இங்கிலாந்துக்குப் போய்ச் சிறிய கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்தார். அங்கே 1965இல் ‘தி பால் சைமன் சாங்புக்’ என்று தன்னந்தனியாக ஓர் ஆல்பம் பதிந்தார். ஒரு குரல், ஒரு கிதார், வேறு எதுவும் கிடையாது. ‘ஐ ஆம் எ ராக்’, ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’, ‘கேத்தீஸ் சாங்’ எல்லாம் அதில் இருக்கின்றன. பிறகு இணையின் ஆல்பங்களில் நாம் கேட்ட பாடல்கள் பல இங்கே கார்ஃபங்கல் இல்லாமல் கிடைக்கின்றன. ‘எழுதியவர்தான் எல்லாம்’ என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடச் சிறந்த வாய்ப்பு யாருக்கும் அமையாது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் யாரும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் கேட்டேன். பலமுறை கேட்டேன். ‘ஏப்ரல் கம் ஷி வில்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு. ஏப்ரலில் ஒரு பெண் வருகிறாள், செப்டம்பரில் காதல் பழசாகிவிடுகிறது; ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டிரண்டு வரி. சைமன் தனியாகப் பாடும்போது அது ஓர் இளைஞனின் அனுபவம். தன் கதையைத் தானே சொல்கிறார், குரலில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது, சொல் முன்னே நிற்கிறது. நல்ல பாட்டு என்று தலையாட்டுகிறோம்.

சில மாதங்களுக்குப் பிறகு இணையின் அடுத்த ஆல்பத்தில் அதே பாட்டு, அதே மெட்டு, சைமனின் அதே கிதார். பாடுவது கார்ஃபங்கல் மட்டும். இங்கே சொல்பவன் யாரும் இல்லை. மாதங்கள் தாமே வந்து போகின்றன. உயிரெழுத்துகளை அவர் நீட்டும்போது குரலில் நடுக்கம் இல்லை, அழுத்தம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஆகஸ்ட் வருகிறது, இலை விழுவதுபோல் விழுகிறது. கடைசி வரியில் காதல் முதுமை அடைந்துவிட்டதைச் சொல்லும்போது குரல் கொஞ்சமும் கனக்காமல் அப்படியே காற்றில் நின்று அடங்குகிறது. இளைஞனின் ஆறு மாதம் மனிதர் எல்லோருடைய வாழ்நாளாக மாறிவிடுகிறது. எழுத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. மாற்றியது யார்?

அதே ஆல்பத்தில் ‘கேத்தீஸ் சாங்’ இருக்கிறது. அதைச் சைமன் தனியாகவே பாடினார், சரியாகவே செய்தார். அந்தப் பாட்டுக்கு அந்தரங்கமான, பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரல்தான் வேண்டும். எந்தப் பாட்டு யார் வாயில் இருக்கவேண்டும் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதையே இது காட்டுகிறது.

இங்கே ஒரு சொந்தச் செய்தி. சின்ன வயதில் எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் நான் டெனர் பாடினேன். பாமாலைப் பாட்டுகளை நான்கு குரலில் பாடுவோம். சபையார் எல்லோருக்கும் தெரிந்த மெட்டை மேலே பெண்கள் பாடுவார்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்டது வேறொரு வரிசை. அதைத் தனியாகப் பாடினால் யாருக்கும் என்ன பாட்டு என்றே தெரியாது. வீட்டில் பாடிக்காட்டினால் அம்மா சிரிப்பார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெனர் பாடும் எங்கள் நான்கு பேரில் மூவர் வராமல்போய், நான் ஒருவன் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அன்று பாட்டு முடிந்ததும் கொயர் மாஸ்டர் என் பக்கம் திரும்பி, “கூரை இல்லாம வீடு கட்டிட்டோம் தம்பி” என்றார். மெட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. பாட்டு இல்லை.

ஒற்றை மெட்டில் பழகிய நம் காதுக்கு இது சற்றுப் புதிது. ஹார்மனி என்பதை ‘கூடச் சேர்ந்து பாடுவது’ என்று எடுத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை. இரண்டாவது குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து முதல் குரல் பாடும் அதே சுரம் சில இடத்தில் ஆறுதலாகவும் சில இடத்தில் கேள்வியாகவும் கேட்கும். ஃபோக் ராக் போன்ற பாட்டில் அந்த இரண்டாவது வரிசை பெரும்பாலும் பாடலாசிரியர் தாளில் எழுதிக் கொடுப்பதல்ல. பாடுகிறவர்கள் தேடிக் கண்டுபிடிப்பது.

இதற்கு ‘ஸ்கார்பரோ ஃபேர் / கேண்டிகிள்’ போதும். பழைய ஆங்கில நாட்டார் பாடல். லண்டனில் நாட்டார் பாடகர் மார்ட்டின் கார்த்தி பாடியதிலிருந்து சைமன் கற்றுக்கொண்டது. அந்தப் பாட்டை மட்டும் பாடியிருந்தால் அது இன்னொரு நாட்டார் பாடல் பதிவாகப் போயிருக்கும். 1966இல் இவர்கள் செய்தது வேறு. சைமன் முன்பு எழுதிய போர் எதிர்ப்புப் பாட்டு ஒன்றின் சொற்களை எடுத்து, அதற்குப் புது எதிர்மெட்டு அமைத்து, பழைய பாட்டின் இடுக்குகளில் ஊடுபாவாக ஓடவிட்டார்கள். அந்த எதிர்மெட்டு கார்ஃபங்கலுடையது. மேலே காதலியிடம் நடக்காத வேலைகளைக் கேட்கும் பழைய கதை. அதன் அடியில் ஒரு மலைச்சரிவு, ஒரு படைவீரன், ஒரு துப்பாக்கி. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த அமெரிக்காவில் அந்தப் பாட்டு ஏன் அப்படி நெஞ்சைப் பிடித்தது என்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது இழை. இதில் சொல் சைமனுடையது, மேல்மெட்டு ஊர்ச் சொத்து, இரண்டையும் ஒரே துணியாக நெய்தது கார்ஃபங்கலின் மெட்டு. கூடவந்தவர் செய்கிற வேலையா இது?

இனி ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’. வழக்கமான வாதத்தின் கோட்டையே இதுதான். எழுதியது சைமன், கைதட்டு வாங்கியது கார்ஃபங்கல், அநியாயம் என்கிறார்கள். 1972இல் சைமனே ஒரு பேட்டியில் மனம்விட்டுச் சொன்னார்: கார்ஃபங்கல் அதைப் பாடி மக்கள் ஆரவாரம் செய்யும்போது, மேடை ஓரமாக இருந்து ‘அது என் பாட்டு’ என்று நினைத்துக்கொள்வாராம். அந்த வலி எனக்குப் புரிகிறது. எழுதுகிற யாருக்கும் புரியும். ஆனால் ஒரு மனிதரின் வலியை விமர்சகர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். தவறு அங்கேதான்.

நடந்தது என்ன? 1969இல் ஸ்வான் சில்வர்டோன்ஸ் என்ற காஸ்பல் குழுவின் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த சைமனுக்கு அதில் கிளாட் ஜீட்டர் பாடும் ஒரு வாக்கியத்திலிருந்து பொறி கிடைத்தது. கிதாரில் இரண்டு சரணம் எழுதினார். சின்னதாக, அடக்கமாக, ஒரு துதிப்பாட்டுபோல. இதைப் பாட நீதான் சரி என்று கார்ஃபங்கலிடம் கொடுத்தார். நீயே பாடு, உன் மேல்ஸ்தாயி இதற்கு நன்றாக இருக்கிறது என்றார் கார்ஃபங்கல். கடைசியில் கார்ஃபங்கலே பாடுவதென்று ஆயிற்று. அவர் குரலுக்காகச் சுருதியை மாற்றி, லாரி நெக்டெல் என்ற பியானோ கலைஞரோடு உட்கார்ந்து நான்கு நாள் வேலை. சரணங்களுக்கு நடுவே பியானோ ஏறி இறங்கும் இடங்கள் இருக்கின்றனவே, அந்த இணைப்புக் கார்டுகளைக் கார்ஃபங்கல் நெக்டெலோடு சேர்ந்து உருவாக்கினார்.

அடுத்து, பாட்டு இரண்டு சரணத்தோடு நின்றால் போதாது, மூன்றாவது வேண்டும், அங்கே எல்லாம் திறந்துகொள்ள வேண்டும் என்று சொன்னவர்கள் கார்ஃபங்கலும் ஒலிப்பதிவாளர் ராய் ஹேலியும். ஃபில் ஸ்பெக்டர் தயாரிப்பில் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய ‘ஓல்ட் மேன் ரிவர்’ பதிவு அவர்கள் காதில் இருந்தது. கடைசிவரை அடக்கி வைத்திருந்து முடிவில் மொத்த வாத்தியத்தையும் விடுவது அதன் முறை. சைமன் ஸ்டுடியோவிலேயே மூன்றாவது சரணத்தை எழுதினார். அது முதலிரண்டோடு ஒட்டவில்லை என்று பிற்பாடும் அவருக்கு ஒரு குறை இருந்தது. எழுதியவரின் கண்ணில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மூன்றாவது சரணம் இல்லாத ‘பிரிட்ஜ்’ பாட்டை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

இப்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதல் சரணத்தில் கார்ஃபங்கல் பாடுகிறார் என்றே சொல்ல முடியாது. நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். பியானோ மட்டும் உண்டு, தாளம் இல்லை. சொல்லுக்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்கிறது. இரண்டாவது சரணத்தில் குரல் கொஞ்சம் நிமிர்கிறது, ஆனால் எழுவதில்லை. இங்கேதான் சாதாரணப் பாடகன் தோற்பான். நல்ல குரல் இருக்கிறவனுக்கு அதைக் காட்டாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். மூன்று நிமிடத்துக்கு மேல் அவர் அதை வைத்திருக்கிறார். மூன்றாவது சரணம் வருகிறது, முதன்முறையாகச் சைமனின் குரல் அடியில் சேர்கிறது, தோள்கொடுப்பதுபோல. ஹால் பிளேனின் டிரம், வயலின்கள், எல்லாம் ஏறி வருகின்றன. கடைசி வரியில் கார்ஃபங்கல் ஏறும் உச்சி, ஐந்து நிமிடம் அடக்கி வைத்ததன் விளைச்சல். முதல் வரியிலேயே அந்த உச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பாடுகிறார். அதைக் கட்டியவனுக்குத்தான் அது தெரியும்.

இது என் காதின் கற்பனை என்று யாராவது சொன்னால், 1971 கிராமி பட்டியலைப் பாருங்கள். ‘ஆண்டின் சிறந்த பாடல்’ என்ற விருது எழுதியவருக்கு, அதாவது சைமன் ஒருவருக்கு. சரி. ‘ஆண்டின் சிறந்த பதிவு’ இருவருக்கும். பாடகருக்கான வாத்திய அமைப்புக்கு ஒரு விருது உண்டு, அதில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன: எர்னி ஃப்ரீமன், ஜிம்மி ஹாஸ்கல், லாரி நெக்டெல், பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல். ஆல்பத்தின் தயாரிப்பாளர்களாகவும் சைமன், கார்ஃபங்கல், ஹேலி மூவர் பெயரும் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. பாட்டு வேறு, பதிவு வேறு என்று அன்றைக்கு விருது கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு எழுத வந்தவர்கள்தான் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

ஏன் குழம்பினார்கள் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. சட்டத்தில் இருக்கிறது அது. அமெரிக்காவின் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பாட்டு என்றால் சொல்லும் மெட்டும்தான். ஒலிப்பதிவு என்பதைத் தனிப் படைப்பாக அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1972 பிப்ரவரி 15 முதல் பதிவானவற்றுக்குத்தான். இந்த இணையின் ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்களும் அதற்கு முன்பே வந்துவிட்டன. அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் இன்றுவரை பாட்டு ஒலிபரப்பானால் பணம் எழுதியவருக்குப் போகும், பாடியவருக்குப் போகாது. ஆக ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் மட்டுமே ஏறிக்கொண்டிருந்தது. உரிமை யாருக்கு, பணம் யாருக்கு என்று வக்கீல்கள் போட்ட கோட்டைக் கலை யாருடையது என்பதற்கும் கோடாக எடுத்துக்கொண்டார்கள். சட்டம் கண்டுகொள்ளாத ஒன்றைக் காது கண்டுகொள்ள வேண்டாமா?

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. 1967இல் ‘தி கிராஜுவேட்’ படத்துக்குப் பாட்டு கிடைக்காமல் இயக்குநர் மைக் நிக்கல்ஸ் தவித்துக்கொண்டிருந்தபோது, சைமன் ‘மிஸஸ் ரூஸ்வெல்ட்’ என்று ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துச் சொன்னவர் கார்ஃபங்கல். அதுதான் ‘மிஸஸ் ராபின்சன்’ ஆயிற்று. 1968இல் வந்த ‘புக்எண்ட்ஸ்’ ஆல்பத்துக்காக முதியோர் இல்லங்களுக்கு டேப் ரெக்கார்டரோடு போய்ப் பாட்டிமார், தாத்தாமார் பேச்சைப் பதிந்துவந்தவரும் அவர்தான். மகனைப் பற்றியும் நோயைப் பற்றியும் பேசும் அந்த நடுங்கும் குரல்கள் ஓய்ந்தவுடன், பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு முதியவர்களைப் பற்றிய பாட்டு வருகிறது. அந்த ஒட்டுதலைத் துண்டித்துப் பார்த்தால் பாட்டு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சியின் கடைசி ஆயுதம் எல்லோருக்கும் தெரிந்தது. பிரிந்த பிறகு யார் என்ன செய்தார் என்று பார், கணக்கு தெரிந்துவிடும் என்பார்கள். பார்ப்போம். கார்ஃபங்கல் பிறர் எழுதிய பாடல்களைப் பாடினார். 1979இல் ‘பிரைட் ஐஸ்’ பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கப்பால் அவருடைய தனி ஆல்பங்களில் பல எனக்கே மிகையாக இனிக்கின்றன. சர்க்கரையைக் குறைக்கச் சைமன் பக்கத்தில் இல்லை. அதை மறைக்கத் தேவையில்லை. 1975இல் சைமனுக்கும் அது தோன்றித்தான் அவருக்காக ‘மை லிட்டில் டவுன்’ என்ற கசப்பான பாட்டை எழுதினார். எழுதியதை இருவரும் சேர்ந்தே பாடினார்கள்.

சைமன் பக்கம் வாருங்கள். பிரிந்த பிறகு அவர் தனியாகவா பாடினார்? 1973இல் டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ் குழுவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். 1975இல் பாடகி ஃபீபி ஸ்னோ, ஜெஸ்ஸி டிக்ஸன் குழு. 1985இல் தென்னாப்பிரிக்கா வரை போய் லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற பாடகர் குழுவின் குரல்களைக் கொண்டுவந்தார். ‘கிரேஸ்லேண்ட்’ தலைப்புப் பாட்டில் யார் ஹார்மனி பாடுகிறார்கள் தெரியுமா? எவர்லி சகோதரர்கள். குவீன்ஸில் இரண்டு பையன்கள் மூக்கோடு மூக்கு வைத்துப் பழகினார்களே, அதே எவர்லி சகோதரர்கள். வாழ்நாள் முழுக்க இந்த மனிதர் தன் பாட்டின் மேல் உட்காரும் இன்னொரு குரலைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். லேடிஸ்மித்தின் குரல்களை ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தின் உயிர் என்று எல்லா விமர்சகரும் எழுதுகிறார்கள். சரியாகவே எழுதுகிறார்கள். அதே பேனா கார்ஃபங்கலிடம் வரும்போது மட்டும் ‘அழகான குரல், அவ்வளவுதான்’ என்று ஏன் சுருங்குகிறது?

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. பிரிவுக்குப் பிந்தைய சைமனின் மெட்டுகள் மாறிவிட்டன. தாளம் முன்னே வந்தது. பேச்சுவழக்கின் வளைவுகள் வந்தன. அற்புதமானவை. ஆனால் ‘பிரிட்ஜ்’ போல மூச்சு பிடித்து மேலேறும் நெடிய மெட்டு பிறகு வரவேயில்லை என்றே சொல்வேன். எழுதுகிறவன் தன் காதில் கேட்கும் குரலுக்கு எழுதுகிறான். அந்தக் குரல் போனால் அந்த மெட்டும் போய்விடும்.

பாட்டு தானே நிற்கிறது, அரீத்தா ஃபிராங்க்ளின் பாடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பாடினார். 1971இல், பியானோ முன்னால் அமர்ந்து, தன் தேவாலயத்தையே உள்ளே கொண்டுவந்து பாடினார். அது வேறு பாட்டாகிவிட்டது. அதைக் கேட்கிற யாரும் ‘சைமன் எழுதியதை அரீத்தா ஒப்பித்தார்’ என்று சொல்லத் துணியமாட்டார்கள். அரீத்தாவுக்குக் கொடுக்கிற மரியாதையைத்தான் கார்ஃபங்கலுக்கும் கேட்கிறேன். கூடுதலாக ஒன்றும் இல்லை.

1981 செப்டம்பர் 19. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் ஐந்து லட்சம் பேர். இருவரும் மறுபடி ஒரே மேடையில். ‘ஏப்ரல் கம் ஷி வில்’ பாட்டின் முறை வருகிறது. சைமன் கிதார் வாசிக்கிறார், கார்ஃபங்கல் பாடுகிறார். நாற்பது வயதை எட்டும் இருவர். ஆறு மாதங்கள் வந்து போகின்றன. பதினாறு ஆண்டுகளுக்கு முன் பாடிய அதே அடக்கம், இப்போது இன்னும் மெல்லிய குரலில்.

அந்த உற்சாகத்தில் இணையின் புதிய ஆல்பமாக ஒன்றைத் தொடங்கினார்கள். கார்ஃபங்கல் தன் பகுதிகளைப் பாடிப் பதிந்தார். பிறகு சைமன், இந்தப் பாடல்கள் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றியவை, தன் குரலில் மட்டும்தான் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்தார். கார்ஃபங்கலின் குரலை நாடாக்களிலிருந்து அழித்துவிட்டார். 1983இல் ‘ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்’ என்று சைமன் பெயரில் அது வெளிவந்தது. சரியாக விற்கவில்லை. விற்பனையைச் சொல்லி நான் வாதாட வரவில்லை. நல்ல ஆல்பம், சில வரிகள் அவர் எழுதியவற்றிலேயே சிறந்தவை. எழுதியவர்தான் எல்லாம் என்று நம்புகிறவர்கள் அதை ஒருமுறை போட்டுக் கேட்கட்டும். தலைப்புப் பாட்டில் திருமணமான இருவர் நியூ மெக்ஸிகோ மலைகளில் பயணம் போகிறார்கள். சைமன் தாழ்ந்த குரலில் கதை சொல்லிக்கொண்டே போகிறார், சில இடங்களில் மெட்டு மேலே ஒரு சாளரத்தைத் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நான் காத்திருக்கிறேன்.